ராத்திரியில் அத்தையின் ஃபேன் ஓடட்டும்

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது:

"ஐயா, மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற சொந்த வீடு எங்களுடையது. நான், கணவர், மகன், 74 வயதான அத்தை என நான்கு பேர். பிப்ரவரி, மார்ச் கணக்கில் 395 யூனிட், சுமார் 1,150 ரூபாய் கட்டினோம். ஏப்ரல், மே கணக்கில் 562 யூனிட் ஓடி, 2,550 ரூபாய்க்கு மேல் வந்துவிட்டது. வீட்டில் ஏசி கிடையாது. நான்கு சீலிங் ஃபேன்கள்தான். அத்தை அறையில் ஒரு நாளைக்கு 20 மணி நேரம், ஹாலில் 16 மணி நேரம், எங்கள் படுக்கையறையில் 9 மணி நேரம், சாப்பாட்டு அறையில் 5 மணி நேரம் ஓடும். பில் வந்த நாளிலிருந்து அத்தை, 'எல்லாம் இந்த ஃபேனால்தான்' என்று சொல்லி, நாங்கள் தூங்கிய பிறகு தன் அறை ஃபேனை அணைத்துவிட்டு ஓலை விசிறியோடு படுத்துக்கொள்கிறார். கடைக்காரர் நான்கையும் பிஎல்டிசி என்கிற, கரண்ட் குறைவாக எடுக்கும் புது வகை ஃபேனாக மாற்றினால் பில் பாதியாகும் என்கிறார். எலக்ட்ரீஷியனோ ரெகுலேட்டரைக் குறைத்து வைத்தாலும் கரண்ட் குறையாது என்கிறார். எதை நம்புவது? இன்னொன்று: ஏற்காட்டில் இருக்கும் என் அக்கா வீட்டில் ஃபேனே போடுவதில்லை. ஆனாலும் டிசம்பர், ஜனவரி கணக்கில் அவர்களுக்கும் எங்களைப் போலவே பில் வருகிறது. அது எப்படி?"

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றக் கேள்விகளுக்கு முன்னால் அத்தையின் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இன்று ராத்திரியிலிருந்தே அவர் அறை ஃபேன் ஓடட்டும். வீடுகளில் மின்சாரக் கணக்குப் பார்ப்பதுதான் என் தொழில். எதை அணைக்கலாம், எதை மாற்றலாம் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள். ஆனாலும் சேலத்து வெயில் காலத்தில், மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில், 74 வயது மனுஷி காற்றில்லாமல் படுப்பதை எந்தக் கணக்காலும் என்னால் ஏற்க முடியாது.

பகலெல்லாம் வெயிலில் காய்ந்த கான்கிரீட் தளம் வாங்கி வைத்த சூட்டைப் பொழுது சாய்ந்த பிறகுதான் வீட்டுக்குள் விடும். வெளியே கொஞ்சம் காற்று வந்தாலும் நடுராத்திரி வரைக்கும் உள்ளே புழுங்குவது அதனால்தான். சேர்வராயன், நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என்று சுற்றிலும் மலை நிற்கிற ஊர் நம்முடையது. மே மாத ராத்திரி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வயதானவர்களுக்கு வியர்ப்பது குறைவு, தாகம் தெரிவதும் குறைவு. உடம்பு சூடேறுவதை அவர்கள் உணர்வதற்குள் நிலைமை கைமீறிப் போகலாம். ஓலை விசிறி நல்ல பொருள்தான், ஆனால் கை ஓய்ந்து கண் அயர்ந்ததும் அது நின்றுவிடும்.

சரி, அத்தை ஃபேனை அணைப்பதால் எவ்வளவு மிச்சமாகிறது என்று பார்ப்போம். வீடுகளில் வழக்கமாக இருக்கிற 1200 மில்லிமீட்டர் சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 70 முதல் 80 வாட் வரை எடுக்கும். நாம் 75 என்று வைத்துக்கொள்வோம். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அப்படியானால் இந்த ஃபேன் ஒரு யூனிட்டைத் தீர்க்க 13 மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். ராத்திரி எட்டு மணி நேரம் அணைத்து வைத்தால் மிச்சமாவது 0.6 யூனிட். இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். உங்கள் பில் இப்போது இருக்கும் உயரத்தில் அதற்கு ஒரு ராத்திரிக்கு ஐந்து ரூபாய் கணக்கு வரும். இல்லாத காசு என்று சொல்ல மாட்டேன். அதே காசை, இன்னும் கூடுதலாகவே, அத்தை நன்றாகக் காற்று வாங்கித் தூங்கும்போதே மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது. அதற்குத்தான் வருகிறேன்.

முதலில் அந்த 562 யூனிட்டைப் பிரித்துப் பார்க்கலாம். நீங்கள் எழுதிய மணிக்கணக்கைக் கூட்டினால் நான்கு ஃபேனுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 50 மணி நேரம் வருகிறது. 75 வாட்டால் பெருக்கினால் நாளைக்கு 3.75 யூனிட். அறுபது நாளைக்கு 225 யூனிட். அதாவது பில்லில் ஐந்தில் இரண்டு பங்கு ஃபேன்களுடையது. ஏசி இல்லாத வீட்டில், வெயில் காலத்தில் இது வழக்கமான அளவுதான். பிப்ரவரி, மார்ச்சில் ஃபேன் இதில் பாதி நேரம் ஓடியிருக்கும் என்று எடுத்துக்கொண்டால் அப்போது 112 யூனிட் போயிருக்கும். ஆக, 395 இல் இருந்து 562 ஆக ஏறிய 167 யூனிட்டில் பெரும்பகுதி ஃபேனால் வந்ததுதான். அந்த அளவில் அத்தை சொல்வது சரி. மீதி ஏற்றத்துக்கு ஃப்ரிட்ஜைச் சொல்லலாம். வெயில் காலத்தில் அதன் கம்ப்ரஸர் கூடுதல் நேரம் ஓடும். தண்ணீர் கூடுதலாகச் செலவானால் மோட்டாரும் கூடுதலாக ஓடும்.

ஆனால் யூனிட் கூடியது நூற்றுக்கு நாற்பது சொச்சம்தானே, பணம் மட்டும் எப்படி இரண்டு மடங்குக்கு மேல் போனது? இதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டுச் சண்டைக்கே காரணம் ஃபேனைவிட இதுதான். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. உங்கள் இந்தப் பில் போடப்பட்ட விகிதப்படி முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். அதற்கு மேல் அடுக்கடுக்காக விலை ஏறும். மொத்தம் 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரையிலான அடுக்குக்குச் சலுகை விலை, யூனிட்டுக்கு இரண்டு ரூபாய் சொச்சம்தான். அதற்கு மேல் 400 வரை ஐந்து ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 400 தாண்டினால் ஆறு ரூபாய்க்கு மேல். 500 தாண்டிய யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல். அதோடு விடுவதில்லை. 500 ஐத் தாண்டினாலே 101 முதல் 200 வரைக்குக் கிடைத்த அந்தச் சலுகையும் போய்விடும். அதனால் 500 யூனிட் ஓட்டிய வீட்டையும் 510 யூனிட் ஓட்டிய வீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்தப் பத்து யூனிட்டுக்காகப் பில்லில் சுமார் 300 ரூபாய் வித்தியாசம் வரும். நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டி 62 யூனிட் போயிருக்கிறீர்கள். ஆகவே இனி வெயில் காலக் கணக்கில் உங்கள் குறி ஒன்றே ஒன்று: 500 க்குக் கீழே நிற்பது.

அதற்கு நான்கு ஃபேனையும் மாற்ற வேண்டுமா? வேண்டாம். கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை, ஆனால் அவர் முழுக் கணக்கையும் சொல்லவில்லை. பிஎல்டிசி ஃபேன் முழு வேகத்தில் 28 முதல் 35 வாட்தான் எடுக்கும். 30 என்று வைத்தால் ஒரு ஃபேனுக்கு 45 வாட் மிச்சம். நான்கையும் மாற்றினால் இரண்டு மாதத்தில் 135 யூனிட் குறைந்து 427 இல் நிற்பீர்கள். பில் 1,350 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். அந்த ஒரு கணக்குக்கு மட்டும் 'பாதியாகும்' என்பது ஏறக்குறைய உண்மை. அதுவும் 500 கோட்டுக்குக் கீழே இறங்கியதால் கிடைத்த லாபம். பிப்ரவரி, மார்ச் போன்ற கணக்கில் நான்கையும் மாற்றினாலும் 300 ரூபாய் சொச்சம்தான் குறையும்.

இப்போது அத்தை அறை ஃபேனையும் ஹால் ஃபேனையும் மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து நாளைக்கு 36 மணி நேரம் ஓடுகின்றன. அறுபது நாளில் 97 யூனிட் குறையும். 562 என்பது 465 ஆகும். பில் 1,600 ரூபாய்க்குள் வந்துவிடும், அதாவது ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம். பாதிச் செலவில் பெரும்பங்கு லாபம் கிடைத்துவிட்டது. படுக்கையறையும் சாப்பாட்டு அறையும் சேர்ந்து 14 மணி நேரம்தான் ஓடுகின்றன. அவற்றை மாற்றப் போடும் காசு திரும்பி வர ஏழெட்டு வருடம் ஆகும். அந்தப் பழைய ஃபேன்கள் ரிப்பேராகும் வரை அப்படியே இருக்கட்டும்.

நல்ல பிஎல்டிசி ஃபேன் ஒன்று 2,500 முதல் 3,500 ரூபாய் வரை விற்கிறது. இரண்டுக்கு ஆறாயிரம் என்று வையுங்கள். வருடம் முழுக்க ஒரே மாதிரி ஓடாது, மார்கழியில் நாமே ஃபேனை நிறுத்திப் போர்வையைத் தேடுவோம். அதையெல்லாம் கழித்துப் பார்த்தால் இரண்டரை, மூன்று வருடத்தில் போட்ட காசு திரும்பிவிடும். ஒரே ஒரு ஃபேனுக்குத்தான் இப்போது கையில் காசு என்றால் அத்தை அறையில் மாட்டுங்கள். அந்த ஒன்றை மாற்றினாலே இரண்டு மாதத்தில் 54 யூனிட் குறையும். அவர் ராத்திரி முழுக்கப் புழுக்கத்தில் படுத்து மிச்சம் பிடிப்பது 36. இந்த இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதி அவரிடமே கொடுத்துவிடுங்கள். சிக்கனம் தெரிந்த பெரியவர்களுக்குக் கணக்கைக் காட்டிச் சொன்னால் புரியும். "அணைக்காதீங்க அத்தை" என்று திரும்பத் திரும்பச் சொல்வதால் மட்டும் நடக்காது.

ஒரே காற்றுக்கு இரண்டு ஃபேனும் வேறு வேறு அளவு கரண்ட் எடுப்பது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். சாதாரண ஃபேன் மோட்டாரில் சுற்றும் பகுதிக்குத் தனியாகக் காந்தம் கிடையாது. செப்புக் கம்பிச் சுருளில் போகும் கரண்ட்தான் அதிலும் கரண்ட்டைத் தூண்டி, காந்தமாக்கி, சுற்ற வைக்கிறது. அந்த வேலையில் பாதிக்கு மேல் சூடாக வீணாகிறது. ஒரு மணி நேரம் ஓடிய ஃபேனை நிறுத்தி, சுவிட்சை அணைத்துவிட்டு, நடு உருளையைத் தொட்டுப் பாருங்கள், கை பொறுக்காத சூடு இருக்கும். அந்தச் சூடு உங்கள் அறைக்குள்தான் போகிறது. பிஎல்டிசியில் நிரந்தரக் காந்தம் வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு சின்ன மின்னணுப் பலகை எந்தச் சுருளுக்கு எப்போது கரண்ட் தர வேண்டும் என்று பார்த்துப் பார்த்துத் தருகிறது. வீணாவது குறைவு, சூடும் குறைவு. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும்போது பழைய ஃபேன் சோர்ந்து சுற்றும், இது பெரும்பாலும் வேகம் மாறாமல் சுற்றும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பேட்டரியும் இரண்டு மடங்குக்கு மேல் நேரம் தாங்கும்.

இதற்கும் குறை உண்டு, மறைக்க மாட்டேன். அந்த மின்னணுப் பலகை வோல்டேஜ் திடீரென்று எகிறினால் கெட்டுப்போகலாம். பழைய ஃபேனுக்கு 50, 100 ரூபாய் கண்டன்சர் மாற்றுவது போல இது மலிவாக முடியாது. அதனால் வாரண்டி எத்தனை வருடம், சேலத்திலேயே சர்வீஸ் இருக்கிறதா என்று கேட்டு, பில்லோடு வாங்குங்கள். அடுத்தது ரிமோட். அத்தைக்கு அதைக் கொடுத்து இருட்டில் பொத்தான் தேடச் சொல்லாதீர்கள். சுவரில் திருகு வைத்து வேகம் மாற்றும் பிஎல்டிசி ஃபேன்களும் வருகின்றன, சுவிட்சை அணைத்துப் போட்டாலே வேகம் மாறும் மாதிரிகளும் உண்டு. அவர் கைக்குப் பழகியபடி ஒன்றை எடுங்கள். மாட்டும்போது பழைய ரெகுலேட்டரை இணைப்பிலிருந்து எடுத்துவிட்டு நேரடியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்து ஓட்டினால் பலகை கெடும்.

வாங்கும்போது நட்சத்திர ஸ்டிக்கரைப் பாருங்கள், ஆனால் எந்த வருடத்து ஸ்டிக்கர் என்று பார்த்து வாங்குங்கள். 2023 ஜனவரி 1 முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திரக் குறி கட்டாயமாகி, அளவுகோலும் இறுக்கப்பட்டது. அதற்கு முன்பு 50 வாட் ஃபேன்கூட ஐந்து நட்சத்திரத்தோடு விற்றது. அந்தப் புது அளவுகோலின்படி 1200 மில்லிமீட்டர் ஃபேன் ஐந்து நட்சத்திரம் வாங்க வேண்டுமானால் ஒவ்வொரு வாட்டுக்கும் நிமிடத்துக்கு 6 கன மீட்டர் காற்றாவது தள்ள வேண்டும். இந்த அளவு ஃபேன் நிமிடத்துக்கு 210 கன மீட்டர் காற்று தர வேண்டும் என்பது தரநிலை. 210 ஐ 6 ஆல் வகுத்தால் 35 வாட். எனவே குறைந்த வாட் என்று மட்டும் சொல்லி விற்பதை வாங்காதீர்கள். எத்தனை கன மீட்டர் காற்று என்று கேளுங்கள். காற்று வராத ஃபேன் 20 வாட் எடுத்தாலும் நஷ்டம்தான், அத்தை மறுபடி விசிறியைத் தேடுவார்.

இனி ரெகுலேட்டர். எலக்ட்ரீஷியன் சொன்னது ஒரு காலத்துக்குப் பெரும்பாலும் சரி. கை அளவு பெரிய டப்பாவாக, தொட்டால் சுடுகிற பழைய ரெகுலேட்டர் இருந்ததே, அதற்குள்ளே இருப்பது மின்தடைக் கம்பி. ஃபேனுக்குப் போகாத கரண்ட்டில் ஒரு பங்கை அந்தக் கம்பி சூடாக்கித் தீர்த்துவிடும். ஒன்றில் வைத்தாலும் பெரிதாக மிச்சம் இருக்காது. இப்போது சுவிட்ச் போர்டிலேயே பொருந்துகிற சின்னத் திருகு ரெகுலேட்டரில் பெரும்பாலும் கண்டன்சர்கள் இருக்கும். அவை சூடாவதில்லை. அதில் மூன்றாம் எண்ணில் வைத்தால் ஃபேன் எடுப்பது பாதி, பாதிக்குச் சற்று மேல் என்று இறங்கும். ஒன்றில் வைத்தால் கால்வாசிதான். உங்கள் வீட்டில் எது இருக்கிறது என்று ஒரு மணி நேரம் கழித்து ரெகுலேட்டர் மேல் கை வைத்தாலே தெரியும். பழைய டப்பாவாக இருந்தால் சின்ன ரெகுலேட்டர் மாற்ற இருநூறு, முந்நூறு ரூபாய்தான் ஆகும். ஃபேன் வாங்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு மேல் முழு வேகம் யாருக்கும் தேவைப்படாது. எழுந்தால் ஒரு எண் குறைத்துவிட்டுப் படுக்கலாம்.

என் வார்த்தையையோ கடைக்காரர் வார்த்தையையோ அப்படியே நம்ப வேண்டியதில்லை. உங்கள் வீட்டு ஈபி மீட்டரே சாட்சி சொல்லும். டிஜிட்டல் மீட்டர் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று அச்சிட்டிருப்பார்கள். 3200 என்று பல மீட்டர்களில் இருக்கும், 1600 என்றும் இருக்கும். ஃப்ரிட்ஜ், டிவி, இன்வெர்ட்டர், செல்போன் சார்ஜர் உட்பட எல்லாவற்றையும் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு, ஒரே ஒரு ஃபேனை மட்டும் முழு வேகத்தில் ஓட விடுங்கள். ஒரு மின்னலிலிருந்து அடுத்த மின்னலுக்கு எத்தனை விநாடி என்று செல்போனில் பாருங்கள். 3200 மீட்டரானால் 1125 ஐ அந்த விநாடியால் வகுத்தால் வாட் வந்துவிடும். 1600 மீட்டரானால் 2250 ஐ வகுக்க வேண்டும். 3200 மீட்டரில் 15 விநாடிக்கு ஒருமுறை மின்னினால் ஃபேன் 75 வாட் எடுக்கிறது. புது பிஎல்டிசியை மாட்டிய பிறகு அதுவே 37 விநாடிக்கு ஒருமுறைதான் மின்ன வேண்டும். ரெகுலேட்டரை மூன்றுக்கும் ஒன்றுக்கும் மாற்றி வைத்தும் பாருங்கள். மகனை இதற்கு உட்கார வையுங்கள், அரை மணி நேரத்தில் வீட்டில் உள்ள எல்லா ஃபேனின் சங்கதியும் தெரிந்துவிடும். எலக்ட்ரீஷியனோடு வாதாட வேண்டிய தேவையும் இருக்காது. வாடகை வீட்டில் இருந்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரிடம் கட்டுகிற வாசகர்களுக்கும் இந்த வழி உதவும். அவர்களுக்கு அடுக்குக் கணக்கு கிடையாது என்பதால் குறைகிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரே அளவு மிச்சம் வரும்.

செலவே இல்லாத சில வேலைகளும் இருக்கின்றன. ஃபேன் அறையைக் குளிர வைப்பதில்லை. நம் தோலில் உள்ள வியர்வையைக் காய வைத்து நம்மைத்தான் குளிர வைக்கிறது. ஆள் இல்லாத அறையில் ஓடும் ஃபேனால் யாருக்கும் பயன் இல்லை, அது எடுக்கிற கரண்ட் முழுவதும் கடைசியில் அந்த அறைக்குச் சூடாகத்தான் போய்ச் சேருகிறது. ஹாலில் 16 மணி நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் எத்தனை மணி நேரம் உண்மையிலேயே ஆள் இருந்தார்கள் என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். இறக்கையில் படிந்த தூசியை மாதம் ஒருமுறை துடையுங்கள். ஃபேன் முன்பைவிட மெதுவாகச் சுற்றினால் புது ஃபேன் வாங்கும் முன் கண்டன்சரைப் பார்க்கச் சொல்லுங்கள். 2.5 மைக்ரோஃபாரட் அளவுள்ள அந்தச் சின்னப் பொருள் பலவீனமானதற்காக நல்ல ஃபேனையே பழைய இரும்புக்குப் போடுகிறார்கள், பார்க்கவே வருத்தமாக இருக்கிறது. மொட்டை மாடியில் பங்குனிக்கு முன்பே வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு கை பூசிவிடுங்கள். வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், தளம் சூடேறுவது நன்றாகவே குறையும். என்னைக் கேட்டால் அத்தை அறைக்கு ஃபேனுக்கு அடுத்தபடியாகச் செய்ய வேண்டியது இதுதான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். அறைக்குள் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் மதிய நேரத்தில் ஃபேன் மட்டும் போதாது. அந்தக் காற்றே உடம்பைவிடச் சூடாக இருக்கும், வயதானவர்களுக்கு அது கெடுதல் செய்யும். உலக சுகாதார நிறுவனமும் இதைத்தான் சொல்கிறது. அந்த நேரத்தில் ஜன்னலுக்கு ஈரத் துணி, கை கால் கழுத்தில் ஈரம், அடிக்கடி தண்ணீர், மோர், முடிந்தால் கீழ் வீட்டிலோ மரத்தடியிலோ இருக்க ஓர் இடம் என்று ஏற்பாடு செய்யுங்கள். தலைசுற்றலோ குழப்பமான பேச்சோ தெரிந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

அக்கா வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீட்டர் உயரம். நம் ஊரைவிட எட்டு, ஒன்பது டிகிரி குளிர்ச்சி. அங்கே ஃபேன் வேண்டியதில்லை, வெந்நீர் இல்லாமல் முடியாது. கரண்ட் எல்லாம் அங்கேதான் போகிறது. மார்கழி, தை மாதக் காலையில் 20 லிட்டர் வாளித் தண்ணீரை 25 டிகிரி சூடேற்ற வேண்டுமானால் 0.58 யூனிட் தேவை. கீசரானாலும் வாளியில் போடும் ஹீட்டரானாலும் இந்த அளவு மாறாது. ஒருவர் ஒரு வாளி வெந்நீரில் குளிப்பதும் உங்கள் அத்தை ஏழரை மணி நேரத்துக்கு மேல் ஃபேனில் தூங்குவதும் மின்சாரத்தில் ஒன்றுதான். நான்கு பேர் குளித்தால் நாளைக்கு 2.3 யூனிட், இரண்டு மாதத்துக்கு 140 யூனிட். பாத்திரம் கழுவ, முகம் கழுவ என்று கீசரை நாள் முழுக்க அணைக்காமல் விட்டால், தொட்டியில் தானாக ஆறிப்போகும் தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சூடேற்றிக்கொண்டே இருக்கும். 200 யூனிட்டையும் தாண்டலாம். அக்காவிடம் சொல்லுங்கள்: குளிக்கக் கால் மணி, இருபது நிமிடம் முன்னால் போட்டு, எல்லோரும் அடுத்தடுத்துக் குளித்து முடித்ததும் அணைக்கட்டும். சூட்டை முழுத் திருகில் வைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீரைக் கலப்பதைவிட, குளிக்கிற சூட்டுக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தினால் போதும். பழைய கீசரானால் உள்ளே உப்பு படிந்திருக்கிறதா என்றும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

மீட்டரில் எடுத்த விநாடிக் கணக்கையும், ஈபி கார்டில் உள்ள கடைசி ஆறு கணக்கின் யூனிட்டையும் எழுதி அனுப்புங்கள். ஹால் ஃபேனை இப்போதே மாற்றலாமா, அல்லது ரெகுலேட்டரை மட்டும் மாற்றி அடுத்த வெயில் காலம் வரை பொறுக்கலாமா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன். அத்தை அறை ஃபேனுக்கு மட்டும் என் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம்.